கரைமேல் உட்கார்ந்தவர்கள்

மாலை ஆறே கால் இருக்கும். நல்ல மழை. அணைக்குப் போகிற சாலையில் ஈ காக்கை கிடையாது... அத்தானுடைய பழைய ஸ்கூட்டர் மட்டும் முக்கி முனகிக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலையும் சாத்திவிடுங்கள், சாரல் அடிக்கிறது.

அத்தான் என்றால் எனக்கு அத்தான் இல்லை. என் நண்பனின் அக்கா கணவர். நண்பன் வாய் ஓயாமல் அத்தான் அத்தான் என்று கூப்பிட்டு, அது எங்கள் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் அவருக்கு மேலே இருந்த பொறியாளர்கூட ஒருநாள் வாய் தவறி அத்தான் என்று கூப்பிட்டுவிட்டாராம். அப்படி ஊருக்கே அத்தான். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் சிரிப்பார். மழைக்காலத்தில் அணைக்கு இன்னொரு ஆள் கொடுங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டும் நகராட்சி கொடுக்கவில்லை, பேய் வந்தால் அதையாவது உட்கார வைத்துவிட்டு நான் வீட்டுக்கு வருவேன் என்பார்.

அவர் வேலை அந்த அணைதான். அணை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊர் சின்னதாக இருந்த காலத்தில் குடிதண்ணீருக்கென்று நகராட்சியே கட்டிக்கொண்டது. கட்டியவர்களின் பேரன்களே கிழடாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு மண்கரை. தண்ணீர்ப் பக்கம் கல் பதித்தது, மறுபக்கம் புல். மேலே நடக்கிற அளவுக்குப் பாதை, ஊரைப் பார்த்த ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர். ஒரு கோடியில், ஏரி நிறைந்தால் வழிந்து போகக் கலிங்கு. நடுவே தண்ணீருக்குள் நிற்கிற கல் கோபுரம், அதற்குப் போக ஒல்லியாக ஓர் இரும்புப் பாலம். கோபுரத்துக்குள் லாரி ஸ்டியரிங் மாதிரி ஒரு சக்கரம். அதைச் சுற்றினால் நீளமான இரும்புத் தண்டு போய் அடிமதகைத் தூக்கும், ஏரி வடியும். தூக்கும் என்பது ஒரு பேச்சுதான். அந்தச் சக்கரம் சுழன்று உயிரோடு இருக்கிற யாரும் பார்த்ததில்லை.

வேறெங்கிருந்தோ பெரிய குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்த பிறகு இதை யாரும் குடிப்பதில்லை. ஏரி சும்மா கிடந்தது. காலையில் தொந்தியைக் குறைக்க நடக்கிறவர்கள், சாயங்காலம் ஜோடிகள், அவ்வளவுதான் அதற்குப் பிழைப்பு. ஆனால் கரைக்கு நேர் கீழே, முன்பு வடிகட்டித் தொட்டிகள் இருந்த பள்ளத்தில், வீடுகள் வந்துவிட்டன. சுவரோடு சுவர் ஒட்டி ஒரே தெரு. ஒரு டயர் கடை, ஒரு தையல் கடை. மாடிக்கு மாடி கொடியில் துணி.

வெளியிலிருந்து ஒரு குழு வந்து பார்த்து, அந்த அணையை அபாயமானது என்று எழுதிவிட்டுப் போனது. கலிங்கு போதாது, அகலமாக்க வேண்டும். மதகை மாற்ற வேண்டும். இரண்டும் முடியாதென்றால் கரையையே வெட்டி எடுத்துவிட வேண்டும். அக்கா பயந்துபோய் அணை உடையப் போகிறதா என்று கேட்டபோது அத்தான் விளக்கினாராம்: "அணை கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லடி. அது போனா கீழ இருக்கிற ஆளுங்களும் போவாங்கன்னு அர்த்தம்."

நகராட்சியில் பேசினார்கள். இத்தனை காலம் நின்றது நாளைக்கு மட்டும் விழுந்துவிடுமா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். ஏரி போனால் நாங்கள் எங்கே நடப்பது என்று தொந்திக்காரர்கள் கேட்டார்கள். கோப்பு தூங்கிவிட்டது.

அன்றைக்கு மழையில் அத்தான் முதலில் போனது கரையின் அடிவாரத்துக்கு. அங்கே ஒரு சின்ன ஓடை இருக்கிறது, கரைக்குள்ளிருந்து கசிகிற தண்ணீர் அதில்தான் வந்து சேரும். கசியாத மண்ணணை உலகத்தில் இல்லை. கசிவு தெளிவாக இருக்கிறவரை பயமில்லை. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது, ஓட்டை பெரிதாகிறது என்று அர்த்தம். அத்தான் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடி மாதிரி தண்ணீர். திருப்தியாகப் படியேறி, பாலத்தைத் தாண்டி, கோபுரத்துக்குள் போய் மழைக் கோட்டை உதறிவிட்டு உட்கார்ந்தார்.

கலிங்கில் தண்ணீர் விழுகிற இரைச்சல். தகரக் கூரையில் மழை. உள்ளே துரு வாசனை, பாசி வாசனை.

பிறகு வேறு ஒரு வாடை வந்தது.

கோடையில் ஏரி வற்றி அடிச்சேற்றில் வெயில் படும்போது ஒரு நாற்றம் எழும்... செத்த மீனும் அழுகின இலையும் கலந்த மாதிரி. அந்த நாற்றம். ஏரி தளும்பி நிற்கும்போது அது வர வழியே இல்லை. அத்தான் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

அப்போது சத்தம் கேட்டது. சளப்... சளப்... சளப்... ஈரச் செருப்புகள் கல்படியில் ஏறுகிற சத்தம். ஒன்று இரண்டு இல்லை. ஒரு கூட்டமே ஏறுகிறது. ஆனால் பேச்சுக் குரல் இல்லை. ஒரு குழந்தை சிணுங்கக்கூட இல்லை.

வெள்ளத்தை வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டு அத்தான் வெளியே வந்தார். கரை நெடுக ஆட்கள். குட்டைச் சுவரில் வரிசையாக, ஏரிக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையிலும் குடை இல்லை. கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு மெலிந்த ஆள். ஒரு காலில் மட்டும் பள்ளிக்கூட ஷூ போட்ட சிறுமி, அவளுக்கு இரண்டு பக்கமும் அப்பா அம்மா. குக்கரை வயிற்றோடு அணைத்துக்கொண்ட ஒரு நடுத்தர வயதுப் பெண். அவள்தான் பக்கத்தில் இருந்தாள். மழையில் இங்கே இருக்கக் கூடாது, வீட்டுக்குப் போங்கள் என்று அத்தான் சத்தம் போட்டார். யாரும் அசையவில்லை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"கீழேருந்துதாங்க" என்றாள். "கீழ இடமில்ல."

அவள் வாயைத் திறந்தபோது பேச்சோடு தண்ணீரும் வழிந்தது. மோவாயில் இறங்கிக் குக்கர் மூடிமேல் சொட்டியது. அத்தான் டார்ச்சைத் தாழ்த்தினார். மழைத்தண்ணீர் இல்லை... கலங்கல். காப்பி நிறத்தில், நொய் நொய்யாக மண்ணோடு. டார்ச்சை வரிசை நெடுக ஓட்டினார். எல்லோர் தலையிலிருந்தும் கையிலிருந்தும் வழிவது அதுதான். மேலேயிருந்து விழுகிற மழை அவர்களைக் கழுவவே இல்லை.

அந்த நேரத்திலும் அவருக்குப் பேய் ஞாபகம் வரவில்லை. கரை ஞாபகம்தான் வந்தது. தடதடவென்று படியிறங்கி ஓடி ஓடையைப் பார்த்தார். தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. மூச்சிரைக்க மறுபடி மேலே வந்தார்.

கரை காலி. குட்டைச் சுவரில், ஓர் ஆள் உட்கார்கிற அகலத்துக்கு ஒரு சேற்றுத் திட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு சேற்றுத் திட்டு... கரையின் அந்தக் கோடி வரைக்கும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை அவற்றைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் வெயில். அத்தான் கீழ்த்தெருவுக்குப் போனார். நேற்று யாராவது கரைக்கு வந்தீர்களா என்று டயர் கடையில் கேட்டார். மழையில் யார் வருவார்கள் என்று சிரித்தார்கள். திரும்பும்போது தையல் கடை. உள்ளே மிஷினுக்குப் பின்னால் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மெலிந்த ஆள். அத்தான் அப்படியே நின்றுவிட்டார். என்ன சார் தைக்கணும் என்று தையல்காரர் சிரித்த முகமாகக் கேட்டார். நேற்று மாலை எங்கே இருந்தீர்கள் என்றால், இங்கேதான், மின்சாரம் போய்விட்டது, கைவேலை பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார்.

நாலு வீடு தள்ளி ஒரு வாசலில் அந்த நடுத்தர வயதுப் பெண் குக்கர் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி மறுபடி குனிந்துகொண்டாள். பள்ளி வேன் ஒன்று வந்து நின்றது. அந்தச் சிறுமி இறங்கினாள். இரண்டு காலிலும் ஷூ இருந்தது.

அத்தானுக்குப் புரிந்துவிட்டது. நேற்று வந்தவர்கள் செத்தவர்கள் இல்லை. இனிமேல் சாகப் போகிறவர்கள்.

இதை யாரிடம் சொல்வது? பொறியாளரிடம் போய்க் கசிவு கூடியிருக்கிறது என்று பொய் சொன்னார். பொறியாளர் நேரில் வந்தார், ஓடையில் கைவிட்டு ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்தார், அத்தான் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். சரி, நாமே ஏரியை வடித்துவிடலாம் என்று அத்தான் முடிவு செய்தார். இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, கடப்பாரையைக் கொடுத்து மூன்று பேரும் நெம்பினார்கள். முதலில் ஒரு கீச்சு. பிறகு கோபுரத்துக்கு அடியிலிருந்து டங் என்று ஒரு சத்தம். சக்கரம் சட்டென்று இலேசாகிச் சுழன்றது. தண்டு ஒடிந்துவிட்டது. மதகு மூடினபடியே அடியில் கிடந்தது. இனி அந்த ஏரியை வடிக்க வழியே இல்லை. இருந்த ஒரே வழியையும் அவர் கையாலேயே கெடுத்தாகிவிட்டது. நகராட்சி விளக்கம் கேட்டு அவரை நிற்க வைத்துக் காய்ச்சி எடுத்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே இருந்தாராம், துரு போகவில்லை என்று.

அப்புறம் கதவு கதவாகத் தட்ட ஆரம்பித்தார். தெருவில் முதலில் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு, "வந்துட்டார்யா அணை" என்று உள்ளேயே பேசிக்கொண்டார்கள். தையல்காரர் மட்டும் உட்கார வைத்துப் பேசினார். "நீங்க சொல்றது நிஜமாவே இருக்கட்டும் சார். நான் எங்க போவேன்? மிஷினைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு நிக்கிறதா?" அத்தான் தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, ஓடையில் தண்ணீர் கலங்கினால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். தையல்காரரும் பாவம், தினமும் டீ குடிக்கப் போகும்போது ஓடையை எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரே ஒரு குடும்பம் கிளம்பியது. அந்தச் சிறுமியின் குடும்பம். அத்தான் பேச்சைக் கேட்டு இல்லை, அவள் அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை. எதற்காகப் போனால் என்ன? அடுத்த மழை நாளில் அத்தான் சாயங்காலம் கரைக்குப் போனார். அதே சளப் சளப். அதே வரிசை. ஆனால் மூன்று ஆள் உட்கார்கிற இடம் காலியாக இருந்தது.

அத்தான் மழையில் நின்று அழுதார். மூன்று பேர் தப்பிவிட்டார்களே என்கிற சந்தோஷம்.

அது அடுத்த மழைவரைதான். அன்றைக்கு அந்தக் காலியிடத்தில் இரண்டு புது முகங்கள். புருவம் கருகின ஓர் இளைஞன், அவன் தோளில் சாய்ந்தபடி ஒரு பெண். இவர்கள் யார், தெருவில் பார்த்ததே இல்லையே என்று குழம்பிக்கொண்டு திரும்பினார். மறுநாள் அந்த வீட்டு வாசலில் மினி லாரி நின்றது. கட்டில் இறங்கியது. கூடவே இறங்கினார்கள் அவர்கள் இரண்டு பேரும். அவன் வெல்டராம், அவள் மனைவியாம்.

வீடு காலியாக இருக்கிறவரைதான் இடம் காலி. இதைப் புரிந்துகொண்டதும் அத்தான் ஒரு காரியம் செய்தார். வெல்டருக்குப் பட்டறைப் பக்கத்திலேயே நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்து, வீட்டுக்காரரிடம் பேசி, அந்த வீட்டைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்தார். எடுத்துப் பூட்டினார். பூட்டின வீட்டில் யார் சாவார்கள்? அதற்கப்புறம் பெய்த மழைகளில் அந்த இடம் காலியாகவே இருந்தது. மற்றவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் ஓர் இடத்தையாவது மிச்சம் பிடித்தோம் என்று அத்தான் வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கினார்.

இந்த மாதிரி விஷயம் வீட்டுக்குத் தெரியாமல் இருக்குமா? உங்க வீட்டுக்காரர் கீழ்த்தெருவில் ஒரு வீடு எடுத்திருக்கிறாரே என்று யாரோ அக்காவின் காதில் போட்டுவிட்டார்கள். ஏற்கெனவே மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை, மழை வந்தால் காணாமல் போகிறார். சின்ன வீடு வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்க அக்காவுக்கு வேறென்ன வேண்டும்?

அப்படியே ஒரு மழை. அத்தான் கரைக்குப் போகிறார். வாடை வந்தது. சத்தம் வந்தது. பழகின முகங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். தையல்காரர்... குக்கர் அம்மா... காலியிடம்...

காலியாக இல்லை.

அக்கா உட்கார்ந்திருந்தாள். தலைமுடி முகத்தில் அப்பிக்கொண்டு, அதிலிருந்து கலங்கல் தண்ணீர் சொட்டச் சொட்ட. மடியில் துடைப்பம். அத்தானைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தோளைத் தொட்டார். ஈர மண்ணில் கை பதிகிற மாதிரி விரல் உள்ளே போனது.

ஸ்கூட்டர் எப்படி வீட்டுக்கு வந்ததென்று அவருக்குத் தெரியாது. கதவைத் திறந்தால் அக்கா கூடத்தில் விளக்கடியில் உட்கார்ந்திருக்கிறாள். காய்ந்த தலை, காய்ந்த உடுப்பு. அழுத கண். மேசைமேல் அந்த வீட்டுச் சாவி.

"யாரை வச்சிருக்கீங்கன்னு பாக்கத்தான் போனேன்" என்றாள். "ஒருத்தருமில்ல. ஒரு பாய்கூட இல்ல. ஒண்ணுமில்லாத வீட்டைப் பூட்டி வச்சிருக்கீங்களே, உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

பெருக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாளாம். மனசுக்கு என்னவோ நன்றாக இருந்ததாம். எழுந்து வரவே மனசில்லையாம்.

அத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பரிகாசம் பண்ணவில்லை. "அப்ப அந்த ஜனங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தார். வேலையை ராஜினாமா செய்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இருவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், ரயிலில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போகிற தூரம். அங்கே ஏரி இல்லை, ஆறு இல்லை. நாலாவது மாடியில் வீடு. அத்தான் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். அக்காவைத் தனியாக எங்கும் அனுப்புவதில்லை. கடைக்குப் போனாலும் கூடவே போவார். அக்கம்பக்கத்தில் புதுசாகக் கல்யாணமானவர்களோ என்று கேலி செய்தார்களாம், அந்த நரைத்த தலையை வைத்துக்கொண்டு.

இங்கே அணை உடையவில்லை. கோப்பும் எழுந்திருக்கவில்லை. ஒடிந்த தண்டு ஒடிந்தபடி, தண்ணீர் நிறைந்தபடி. போன மாதம்கூட நண்பனும் நானும் போய்ப் பார்த்தோம். ஓடை தெளிவாகத்தான் ஓடுகிறது. சாயங்காலம் மழை வரும் போலிருந்தது, திரும்பிவிட்டோம்.

போன வாரம் ஒரு மத்தியானம் அத்தானுக்குத் தையல்காரரிடமிருந்து கைப்பேசியில் அழைப்பு வந்தது. இத்தனை காலத்தில் அதுதான் முதல் தடவை. எதிரில் அக்கா தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி கலங்கிடுச்சா?" என்று கேட்டார்.

அதெல்லாம் ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்றார் தையல்காரர். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அத்தான் மெல்லக் கேட்டார்.

"என்ன சார் தெரியாத மாதிரி கேக்கறீங்க. உங்க வீட்டு அக்காதான் இருக்காங்க. தெனம் வாசல் பெருக்கறாங்க. இன்னைக்குக் காலையிலகூடப் பார்த்தேன்."

அத்தான் எதிரில் இருந்த அக்காவைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து, யாரு என்று கண்ணாலேயே கேட்டாள்.

"அதுக்குத்தான் சார் கூப்பிட்டேன்" என்றார் தையல்காரர். "ஜன்னலுக்குத் திரை தைக்கச் சொல்லித் துணி குடுத்தாங்க. முந்தாநாளே தச்சு முடிச்சுட்டேன். ஆனா எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் அந்தத் துணி காயவே மாட்டேங்குது சார்."